மான் வேட்டைக்கு எடை குறைந்த போல்ட் ஆக்‌ஷன்: டிக்காவா, கிம்பரா, ஹோவாவா? (நியூசிலாந்து)

தேனிக்காரன்_ஹட்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தேனி, ஆறு வருடமாக வெலிங்டன் பக்கம் லோயர் ஹட்டில் இருக்கிறோம். போன வருடம் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என்னை மூன்று முறை தராருவா மலைக்குக் கூட்டிப்போனார், அவருடைய பழைய .308 (தோட்டாவின் அளவு) துப்பாக்கி ஒன்றைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார். ஸ்கோப், சைலன்சர் எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஹோல்ட்ஸ்வொர்த் பாதையில் ஏறி முடிப்பதற்குள்ளேயே தோள் கடுத்துவிட்டது, அப்புறம் மேலே லெதர்வுட் புதருக்குள் நுழைந்ததும் குழல் ஒவ்வொரு கிளையிலும் மாட்டி இழுக்க ஆரம்பித்தது. அந்தப் புதருக்குள் போனவர்களுக்குத் தெரியும், நடக்கவும் முடியாது, தவழவும் முடியாது. மூன்றாவது தடவை ஒரு பிணைமான் நாற்பது மீட்டரில் நின்று என்னையே பார்த்தது. நான் துப்பாக்கியை நிமிர்த்தித் தோளில் வைப்பதற்குள் போய்விட்டது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் சிறை, அது சரிதான். இங்கே நிலைமை வேறு. வௌவாலைத் தவிர இந்தக் காட்டுக்கே உரிய பாலூட்டி கிடையாது, மான்கள் எல்லாம் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பலில் கொண்டுவந்து விடப்பட்டவை. புலியோ செந்நாயோ இல்லாததால் பெருகி, காட்டில் முளைக்கும் கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. 1930களிலிருந்து அரசே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் சுட்டது. இன்றும் பெரும்பாலான பொதுக்காடுகளில் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இலவச அனுமதி வாங்கினால் வருடம் முழுவதும் வேட்டையாடலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சொந்தமாக ஒரு போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்டைக் கையால் இழுத்துத் தள்ளுவது) வாங்கப்போகிறேன். ஸ்கோப், சைலன்சர் உட்பட 4,000 டாலருக்குள் முடிக்க வேண்டும். பார்த்துவைத்திருப்பவை மூன்று. டிக்கா டி3எக்ஸ் லைட், சுமார் 2.9 கிலோ. கிம்பர் ஹன்டர், இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஹோவா 1500 சூப்பர்லைட், இரண்டு கிலோதான் என்கிறார்கள், படித்ததும் மனசு அங்கேயே போய்விட்டது. இரண்டு கிலோ துப்பாக்கி இருக்கும்போது மூன்று கிலோவை எதற்குச் சுமக்க வேண்டும்? எனக்குத் தெரியாத ஏதாவது இதில் இருக்கிறதா? பெரும்பாலும் செம்மான்தான், புதருக்குள் நூறு மீட்டருக்குள், எப்போதாவது ஆற்றுத் திட்டில் இருநூறு.

கைமனாவா_நடை

தம்பி, நீங்கள் கேட்டதே நல்ல கேள்வி, பலர் கேட்காமல் வாங்கிவிட்டு மறு வருடம் விற்கிறார்கள். நானும் அப்படி விற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் மலையில் தூக்கப்போவது அதை இல்லை. 3-9x40 ஸ்கோப் ஒன்று ஏறக்குறைய 350 கிராம், அதைப் பிடிக்கும் வளையங்கள் நூறு, சைலன்சர் 300இலிருந்து 450, வார் நூற்றுச்சொச்சம், நான்கு தோட்டா நூறு. ஆக டிக்கா 3.9 கிலோ பக்கம் வரும், கிம்பர் 3.5 வரும். வித்தியாசம் 400 கிராம். அந்த நானூறு கிராமை மழைக்கோட்டிலும் பைக்குள் இருக்கும் சமையல் சாமான்களிலும் குறைக்க முடியும். ஒரு பிணையை எலும்பு நீக்கிக் கறியாகச் சுமந்து வந்தால் முதுகில் முப்பது கிலோ இருக்கும், அப்போது இந்த நானூறு கிராம் ஞாபகத்துக்கே வராது. இப்போது உங்கள் கையில் இருப்பது கிட்டத்தட்ட ஐந்து கிலோ. எதை வாங்கினாலும் ஒரு கிலோ பக்கம் குறையத்தான் போகிறது, முதலில் அதில் சந்தோஷப்படுங்கள்.

அடுத்தது உதை. ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கியில் போட்டால், எடை எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் உதையின் ஆற்றல் கூடும். 3.4 கிலோவிலிருந்து 2.7க்கு இறங்கினால் கால் பங்கு அதிகமாக உதைக்கும். இதைக் காகிதத்தில் படிப்பது வேறு, ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) இருபதாவது தோட்டாவுக்கு விரலை வைக்கும்போது தோள் தானாகச் சுருங்குவது வேறு. சைலன்சர் உதையையும் சத்தத்தையும் நன்றாகவே குறைக்கும், அதனால்தான் இங்கே எல்லோரும் போடுகிறார்கள் (ஊரில் இருப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், இங்கே அது வேட்டைக் கடையில் கிடைக்கும் சாதாரணச் சரக்கு). ஆனாலும் முழுதாகத் தீர்ந்துவிடாது.

என் கதையைச் சொல்கிறேன். எட்டு வருடம் முன்னால் .308இல் மிக இலேசான ஒன்றை வாங்கினேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், துப்பாக்கி மேல் குற்றமே இல்லை. தூக்கிக்கொண்டு நடக்க இறகு மாதிரி இருந்தது. ரேஞ்சில் பத்துத் தோட்டா போட்டதும் போதும் என்று வைத்துவிடுவேன். அடுத்த தடவையும் பத்துதான். அப்படியே கவெக்கா மலைக்குப் போனேன். காலையில் மூச்சிரைக்க ஒரு முகட்டில் ஏறி நின்றபோது கீழே நூற்றுமுப்பது மீட்டரில் ஒரு கலைமான். நின்றபடியே சுட்டேன். கனமான துப்பாக்கி என்றால் அதன் எடையே குழலைக் கொஞ்சம் நிதானமாக வைத்திருக்கும், இது என் இதயத் துடிப்புக்கெல்லாம் ஆடியது, விரலை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. குண்டு வயிற்றில் பட்டது. இருட்டும்வரை தேடினேன். மறுநாள் காலை ஒரு ஓடைக்குள் கிடந்தது, கறி கெட்டுப்போயிருந்தது. அந்த மான் இரவு முழுக்க என்ன பாடுபட்டிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைப்பேன். அந்த மாதமே துப்பாக்கியை விற்றுவிட்டேன். இப்போது வைத்திருப்பது 3.7 கிலோ, எல்லாம் சேர்த்து. ரேஞ்சில் நாற்பது தோட்டா போட்டாலும் வீட்டுக்குப் போக மனசு வராது.

அதனால் என் பதில் டிக்கா. ஆனால் இரண்டு கிலோ ஹோவாவை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. அதை .243 மாதிரி மெல்லிய தோட்டாவில் வாங்கி, நிறையப் பழகுவேன் என்றால் அது நல்ல மலைத் துப்பாக்கி. .308இல் வாங்கினால் நான் பட்டதைத்தான் நீங்களும் படுவீர்கள்.

பாமி_அக்கா

நான் பாமர்ஸ்டன் நோர்த்தில் இருக்கிறேன், ருவாஹினே மலைப்பக்கம் அடிக்கடி போவோம். ஐந்தடி ஒரு அங்குலம்தான் என் உயரம். வன்னியில் வளர்ந்த எனக்குத் துவக்கு என்றாலே ஒரு காலத்தில் நெஞ்சு நடுங்கும். இங்கே வந்து பத்து வருசத்துக்குப் பிறகு, மனுசன் வேட்டைக்குப் போகத் தொடங்கின பிறகுதான் தொட்டேன். அதனாலேயோ தெரியாது, துவக்கை நான் சரியான கவனமாகத்தான் பார்ப்பேன்.

மேலே அண்ணா பாரத்தைப் பற்றி வடிவாகச் சொல்லிவிட்டார். நான் சொல்ல வருவது அளவு. உங்கள் உடம்புக்குப் பொருந்தாத துவக்கு, அது இரண்டு கிலோவாக இருந்தாலும் பாரமாகத்தான் இருக்கும். கடையில் போல்ட் திறந்து வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, முழங்கையை மடித்து ஸ்டாக்கின் (தோளில் வைக்கிற கட்டை) அடியை முழங்கை மடிப்பில் வையுங்கள், சுட்டுவிரல் டிரிகருக்கு வசதியாக எட்டவேண்டும். விரல் நுனி மட்டும் எட்டினால் ஸ்டாக் உங்களுக்கு நீளம். குளிருக்குப் போடுகிற தடித்த ஜாக்கெட்டைக் கட்டாயம் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள், ரீ சேட்டோடு கடையில் நின்று பார்த்துவிட்டு வாங்கினவர்கள், ஜூலை மாதம் மலையில் ஸ்டாக் தோளில் கொளுவுகிறது என்று கவலைப்படுவார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் உடனே தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால், உங்கள் நாற்பது மீட்டர் பிணை மறுபடியும் போய்விடும்.

எனக்கு டிக்காவின் ஸ்டாக் நீளம்தான், அடியில் வெட்டிக் குறைத்தோம். கடைக்காரரிடம் கதைத்தால் செய்து தருவார்கள். தோட்டா 7எம்எம்-08. அது .308இன் கோதுதான், வாயை 7 மில்லிமீட்டருக்கு ஒடுக்கியிருக்கிறார்கள், 140 கிரெய்ன் (சுமார் ஒன்பது கிராம்) குண்டு போடுவோம், உதை .308ஐ விடக் கொஞ்சம் மென்மை, செம்மானுக்குத் தாராளமாகக் காணும். .243ஆலும் செம்மான் எடுத்திருக்கிறேன், ஆனால் அதற்குக் கோணம் சரியாக வரும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். முதல் இரண்டு வருசம் அந்தப் பொறுமை ஒருவருக்கும் வராது.

அதோடு ஒன்று. ரோர் காலத்தில், அதாவது கலைமான்கள் துணை தேடிக் கத்துகிற காலத்தில், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை, காட்டுக்குள் ஆள்கள் கூட. கலைமான் கத்துவதுபோலக் கத்திக்கொண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு வேட்டைக்காரர் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவார்கள். லைசென்ஸ் படிப்பில் சொல்லித் தருகிற ஏழு விதிகளில் நாலாவது, இலக்கு எது என்று எள்ளளவும் சந்தேகமில்லாமல் அடையாளம் காணுவது. கையில் இலேசான, சட்டென்று தோளுக்கு வருகிற துவக்கு இருந்தால் சுடுகிற அவசரமும் சேர்ந்தே வரும், அதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன். அசைவைக் கண்டதும் தோளுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் பைனாகுலர். ஸ்கோப்பால் தேடினால் நீங்கள் மனுசரை நோக்கித் துவக்கு நீட்டுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

தேனிக்காரன்_ஹட்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அந்தக் கவெக்கா கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போய் அக்கா சொன்னபடி ஜாக்கெட் போட்டுக்கொண்டு மூன்றையும் தோளில் வைத்துப் பார்த்தேன். கிம்பர் கையில் எடுத்ததும் உயிர் இருப்பதுபோல இருந்தது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டிக்கா போல்ட் இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல போகிறது. ஆனால் குழல் 57 சென்டிமீட்டர், அதன் முனையில் சைலன்சரும் மாட்டினால் என் பழைய லெதர்வுட் பிரச்சினையே திரும்ப வராதா? கடையில் ‘வெட்டிக்கொள்ளலாம்’ என்றார்கள். புதுத் துப்பாக்கியை வெட்டுவதா என்று திகைத்து நின்றேன். வேகம் போய்விடாதா?

தாப்போ_பட்டறை

வெட்டுங்கள், பயப்பட வேண்டாம். இங்கே புதர் வேட்டைக்காரர்கள் பாதிப் பேர் வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள். நான் துப்பாக்கி வேலை தொழிலாகச் செய்பவன் இல்லை, ஆனால் நண்பருடைய பட்டறையில் பல வருடம் கூடமாட நின்றவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குழலை ஒரு அங்குலம் குறைத்தால் இந்த ரகத் தோட்டாவில் நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகம் குறையும், தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறும். 57ஐ 46 சென்டிமீட்டர் ஆக்கினால் நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம், முப்பது முப்பத்தைந்து மீட்டர் போகும். 7எம்எம்-08இன் குண்டு நொடிக்கு எண்ணூறு மீட்டருக்கு மேலே புறப்படுகிறது, அதில் இது எவ்வளவு என்று பாருங்கள். இருநூறு மீட்டருக்குள் நிற்கும் மானுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? இரும்பில் நூறு கிராமுக்குமேல் குறைகிறது, அதுவும் முனையில், புதரில் மாட்டும் இடத்தில். பாதி பின்பக்கம் குழலைச் சுற்றி உட்காரும் வகைச் சைலன்சர் போட்டால் முன்னால் நீட்டுவது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர். மொத்த நீளம் கடையிலிருந்து சைலன்சர் இல்லாமல் வந்த நீளத்துக்கே வந்துவிடும். வெட்டுகிற ஆள் முனையை நேராகச் சீவி, உள்விளிம்பைச் சுத்தமாக்கி, சைலன்சரைத் திருகும் மரையைக் குழலின் துளைக்கு நேராக வெட்ட வேண்டும், அது கோணினால் குண்டு சைலன்சருக்குள் உரசும். அதனால் வீட்டில் ஹாக்சா பிளேடு எடுத்துவிடாதீர்கள், நல்ல துப்பாக்கிப் பட்டறைக்கு மட்டும் கொடுங்கள். மெல்லிய குழல் என்றால் மரை போட இரும்பு போதுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேளுங்கள்.

இப்போது மூன்று துப்பாக்கிகளைப் பற்றி. டிக்கா பின்லாந்தில் சாக்கோ கம்பெனி செய்வது. எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீள ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் பகுதி), .308 குடும்பத்துக்குத் தேவைக்குமேல் கொஞ்சம் நீளம்தான், சின்ன ஆக்‌ஷனாக இருந்தால் இன்னும் இலேசாக வந்திருக்கும், இதில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. மேகஸின் பிளாஸ்டிக், மூன்று தோட்டா. பிளாஸ்டிக் என்று முகம் சுளிப்பார்கள், பதினோரு வருடமாக என்னுடையது உடையவில்லை. போல்ட் எழுபது டிகிரிதான் தூக்க வேண்டும், கையில் கையுறை இருந்தாலும் ஸ்கோப்பில் இடிக்காது. டிரிகரை நீங்களே ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவரை சரிசெய்துகொள்ளலாம். கிம்பரின் சிறப்பு என்னவென்றால் .308 குடும்பத்தின் அளவுக்கென்றே செதுக்கிய ஆக்‌ஷன், அதனால்தான் அந்த எடை. மவுசர் துப்பாக்கியில் இருப்பது மாதிரி பெரிய நகம் தோட்டாவின் அடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே கொண்டுபோகும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போல்ட் தள்ளினாலும் தோட்டா நழுவாது. பிடித்திருந்தால் வாங்குங்கள், தவறில்லை, ஆனால் முதல் துப்பாக்கிக்கு அதைச் சொல்லமாட்டேன். ஹோவா ஜப்பான் சரக்கு, வெதர்பி வான்கார்ட் என்று விற்பதும் அவர்கள் செய்வதுதான். சாதாரண 1500 உருக்குக் கட்டி மாதிரி, நம்பலாம், கனம். சூப்பர்லைட்டைப் பற்றி கைமனாவா அண்ணா சொன்னதே என் கருத்தும்.

மெல்லிய குழல் எதுவானாலும் மூன்று தோட்டாவில் சூடேறிவிடும், நான்காவது ஐந்தாவது விலகிப் போகலாம். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பதறி ஸ்கோப்பைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். மூன்று போட்டு, ஆறவிட்டு, மறுபடி மூன்று. மானுக்குப் போவது எப்போதும் குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் தோட்டா. ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் அந்த முதல் தோட்டா எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்து வையுங்கள், மலையில் உங்களுக்குத் தேவை அந்தக் குறிப்பு மட்டும்தான்.

தோட்டாவில் எனக்கும் அக்காவுக்கும் சின்னக் கருத்து வேறுபாடு. இங்கே சின்ன ஊர்க் கடையில்கூட .308 கிடைக்கும், விலையும் குறைவு, நிறையப் பழகலாம். 7எம்எம்-08க்கு வெலிங்டனில் பிரச்சினை இல்லை, வழியில் மறந்துவிட்டால்தான் சிரமம். 6.5 கிரீட்மூரும் பார்க்கலாம், 2007இல் ஹார்னடி கொண்டுவந்தது, முதலில் இலக்குச் சுடுவோருக்கென்று செய்தது, உதை குறைவு, மானுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் பக்கம் சிக்கா மான்கள், 1905இல் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம், செம்மானைவிடச் சின்னது, ஆனால் அடி வாங்கிக்கொண்டு ஓடுவதில் அதற்கு நிகர் இல்லை. அதற்குமே இந்த மூன்றில் எதுவும் போதும், இடம் பார்த்துப் பட்டால்.

கைமனாவா_நடை

பட்டறைக்காரர் சொன்ன முதல் தோட்டாக் குறிப்பைத் தயவுசெய்து செய்யுங்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேஞ்சில் மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் அது துப்பாக்கிக்குத்தான் பரீட்சை. நூறு மீட்டரில் சரிபார்த்து முடித்ததும் மேசையை விட்டு எழுந்து, முதுகுப் பையைத் தரையில் போட்டு அதன்மேல் வைத்துச் சுடுங்கள், உட்கார்ந்து முழங்கால்மேல் முழங்கை ஊன்றிச் சுடுங்கள், ரேஞ்சில் அனுமதித்தால் ஐம்பது அடி வேகமாக நடந்து வந்து மூச்சு வாங்கும்போது சுட்டுப் பாருங்கள். இலேசான துப்பாக்கியில் முன்பிடியை லேசாகப் பிடிக்கக் கூடாது, கொஞ்சம் அழுத்தி உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உதையில் துள்ளி ஒவ்வொரு தடவையும் வேறு இடத்துக்குப் போகும். நின்றபடி சுடுவதை நான் இப்போது விட்டேவிட்டேன். துப்பாக்கியை ஊன்றிவைக்க எதுவும் கிடைக்கவில்லை என்றால் மானைப் போக விடுகிறேன்.

வாங்கும்போது புதிய துப்பாக்கியைப் பதிவேட்டில் பதிய மறக்காதீர்கள், 2023 ஜூனிலிருந்து அது கட்டாயம். வீட்டில் தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே பூட்டுக்குள் வைக்காமல் தனியாகப் பூட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

தேனிக்காரன்_ஹட்

ஒரு பெண் குழந்தை, நான்கு வயது. இரும்புப் பெட்டி கேரேஜில் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கியாகிவிட்டது, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, சாவி என்னிடமும் மனைவியிடமும் மட்டும்.

டிக்கா வாங்கிவிட்டேன். 7எம்எம்-08, அக்கா பக்கம் சாய்ந்துவிட்டேன், பட்டறை அண்ணன் மன்னிக்கவும். குழலை 46க்கு வெட்டி மரை போட்டு நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஸ்கோப், சைலன்சர், வார், நான்கு தோட்டாவோடு வீட்டுத் தராசில் 3.68 கிலோ. முதல் நாள் நாற்பத்தைந்து தோட்டா, தோளில் வலியே இல்லை. மேசையில் மூன்று தோட்டா ஒரு ஐந்து ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிட்டன, ஆனால் பைமேல் வைத்துச் சுட்டபோது ஒரு கையகலம், உட்கார்ந்து சுட்டபோது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். மான் நெஞ்சில் இடம் அவ்வளவு பெரிதில்லை என்று தெரியும். அதனால் இந்த மாதம் மலைக்குப் போவதில்லை என்று கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து சுடுவது கையகலத்துக்குள் வரட்டும்.

முதல் தோட்டாவுக்கு ஒரு நோட்டும் போட்டாகிவிட்டது. முதல் குறிப்பு: 12 டிகிரி, காற்று இல்லை, நடுவிலிருந்து இரண்டு விரல்கடை மேலே.